உஷார்! அமெரிக்காவிலிருந்து ஒரு 149 டாலர் பெட்டி வருகிறது

உங்கள் மகனோ மருமகனோ தங்கையோ இந்த வாரம் அமெரிக்காவிலிருந்து போன் செய்து, "எச்.டி.-டி.வி.டி. பிளேயர் 149 டாலருக்குப் போட்டிருக்காங்க, ஈஸ்டருக்கு வரும்போது ஒண்ணு தூக்கிட்டு வரட்டுமா?" என்று கேட்டால் யோசிக்காதீர்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள். வாங்கியாகிவிட்டது என்றால், பெட்டியைப் பிரிக்காதே என்று சொல்லுங்கள்.

இந்த அவசரத்துக்குக் காரணம் இருக்கிறது. பெங்களூர் பிரேசர் டவுனில் வெளிநாட்டில் ஆள் இல்லாத வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். வீலர் ரோடானாலும் கோல்ஸ் ரோடானாலும் வீட்டுச் சாமானில் பாதி சூட்கேஸில் வந்திறங்கியதுதான். எண்பதுகளில் வளைகுடாவிலிருந்து டெக் வந்தது. பிறகு சி.டி. பிளேயர், அதன் பிறகு டி.வி.டி. வந்ததெல்லாம் ஒழுங்காக ஓடியதால், இதுவும் ஓடும் என்ற தைரியம் நமக்கு. ஆனால் இது பிப்ரவரி 2008. இந்த மாதம் இந்தப் பெட்டியை வாங்குகிறவர், தோற்று ஓடிக்கொண்டிருக்கும் படையில் புதிதாகப் பெயர் கொடுக்கிறார்.

சண்டை என்ன என்று தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. டி.வி.டி.யில் ஒரு காட்சி, நம் ஊர் டி.வி.யின் பால் (PAL) முறையில், 720-க்கு 576 புள்ளிகள். புதிய டிஸ்க்குகளில் 1920-க்கு 1080. பெருக்கிப் பாருங்கள், சரியாக ஐந்து மடங்கு. அவ்வளவு விவரத்தை அடைக்க ஊதா நிற லேசரைக் கொண்டு இரண்டு கூட்டணிகள் இரண்டு டிஸ்க் செய்தன. தோஷிபா தலைமையில் எச்.டி.-டி.வி.டி., அடுக்குக்கு 15 ஜி.பி. சோனி, பேனசோனிக், பிலிப்ஸ், சாம்சங் எல்லாம் சேர்ந்த புளூ-ரே, அடுக்குக்கு 25 ஜி.பி. அளவில் இரண்டும் நம் பழைய சி.டி. மாதிரியேதான், 12 சென்டிமீட்டர். ஆனால் ஒன்றின் பிளேயரில் மற்றது ஓடாது. 1995-ல் டி.வி.டி. பிறப்பதற்கு முன்பும் இதே தோஷிபாவும் சோனியும் இப்படித்தான் முறைத்துக்கொண்டு நின்றார்கள். ஐ.பி.எம். போன்ற கம்ப்யூட்டர் கம்பெனிகள் நெருக்கியதால் கடைசி நேரத்தில் ராசியானார்கள். 2005-ல் நடந்த பேச்சுவார்த்தையில் அந்த ராசி வரவில்லை. விளைவை இப்போது நாம் கடையில் பார்க்கிறோம்.

ஜனவரி 4-ம் தேதி வரை இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாக இழுத்துக்கொண்டிருந்தன. டிஸ்னி, ஃபாக்ஸ், சோனி படங்கள் புளூ-ரேயில் மட்டும். யுனிவர்சலும் பாரமவுண்டும் எச்.டி.-டி.வி.டி.யில் மட்டும். வார்னர் இரண்டிலும் வெளியிட்டுக்கொண்டிருந்தது. அந்த வார்னர் ஜனவரி 4 அன்று, மே மாத இறுதியோடு எச்.டி.-டி.வி.டி.யை நிறுத்துகிறோம், இனி புளூ-ரே மட்டும்தான் என்று அறிவித்துவிட்டது. லாஸ் வேகஸ் கண்காட்சியில் இரண்டு நாள் கழித்து நடப்பதாக இருந்த தங்கள் பத்திரிகையாளர் சந்திப்பை எச்.டி.-டி.வி.டி. கூட்டணியே ரத்து செய்தது. மாப்பிள்ளை வீட்டார் மண்டபத்தைக் காலி செய்தால் என்ன அர்த்தமோ அதுதான் அர்த்தம். இந்த வாரம், பிப்ரவரி 11 அன்று, அமெரிக்காவில் தபாலில் டிஸ்க் வாடகைக்கு அனுப்பும் நெட்ஃபிளிக்ஸ், புளூ-ரே மட்டும் போதும் என்று முடிவெடுத்துவிட்டது. அதே நாளில் பெஸ்ட் பை கடைகளும் வாடிக்கையாளருக்குப் புளூ-ரேயைத்தான் சிபாரிசு செய்வோம் என்று சொல்லிவிட்டன. பிளாக்பஸ்டர் வாடகைக் கடைகள் போன ஜூனிலேயே பெரும்பாலும் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டன.

இப்போது அந்த 149 டாலருக்கு வருவோம். 2006 ஏப்ரலில் தோஷிபாவின் முதல் பிளேயர் அமெரிக்காவில் 499 டாலர். போன நவம்பரில் வால்மார்ட் ஒரு மாடலை 98 டாலர் 87 சென்டுக்குத் தள்ளியது. நம் கணக்கில் நாலாயிரம் ரூபாய்கூட இல்லை. வார்னர் கைவிட்ட பத்தே நாளில், ஜனவரி நடுவில், தோஷிபா எல்லா மாடல்களுக்கும் விலையை வெட்டியது. அப்படி வந்ததுதான் இந்த 149. சூப்பர் பவுல் ஆட்டத்தின் நடுவே டி.வி.யில் விளம்பரமும் கொடுத்தார்கள். உங்கள் மருமகன் அதைப் பார்த்துவிட்டுத்தான் போன் செய்கிறார். நல்ல சாமான் விலை குறைந்து வருவது வேறு, கடை மூடுமுன் கிடங்கைக் காலி செய்வது வேறு. இது இரண்டாவது ரகம். பிளேயரில் குறை ஒன்றும் இல்லை, படம் அருமையாகத் தெரியும். அதில் போட அடுத்த வருஷம் புது டிஸ்க் வரப்போவதில்லை, அதுதான் விஷயம்.

"சோனி எப்பவும் தோத்துடுவான் சார், பீட்டாமேக்ஸ் மறந்துபோச்சா?" என்று கோல்ஸ் பார்க் பெஞ்சில் உட்கார்ந்து சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். டெக் வாடகைக்கு எடுத்து விடிய விடிய மூன்று படம் பார்த்த தலைமுறை. அவர்கள் பேச்சை நம்பி எச்.டி.-டி.வி.டி. பக்கம் போய்விடாதீர்கள். 1975-ல் வந்த பீட்டா கேசட்டில் முதலில் ஒரு மணி நேரம்தான் பதிய முடிந்தது. மறுவருஷம் ஜே.வி.சி. கொண்டுவந்த வி.எச்.எஸ்.ஸில் இரண்டு மணி நேரம். நம் ஊர்ப் படம் இரண்டரை மணி நேரம், எந்தக் கேசட் பக்கம் கடைக்காரன் போவான்? தெருமுனைக் கேசட் கடைகளில் வி.எச்.எஸ். நிறைந்தது, சோனி தோற்றது. இந்த முறை கதை வேறு. அதிகம் அடைகிற டிஸ்க் சோனி பக்கம். 1989-ல் கொலம்பியா பிக்சர்ஸை வாங்கியதால் சொந்தமாகப் படக் கம்பெனி வேறு இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே, பிளேஸ்டேஷன் 3 என்ற விளையாட்டுப் பெட்டிக்குள் புளூ-ரே பிளேயரை வைத்து லட்சக்கணக்கான வீடுகளுக்குள் நுழைந்துவிட்டார்கள். கார் ரேஸ் விளையாட வாங்கிய பையனுக்கே தன் வீட்டில் புளூ-ரே இருப்பது தெரியாமல் இருக்கலாம்.

சரி, அப்படியானால் புளூ-ரே வாங்கிவிடலாமா? அங்கேதான் இரண்டாவது உஷார்.

புளூ-ரே டிஸ்க்கின் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். கீழே ஓரத்தில், அறுகோணத்துக்குள் ஏ, பி, சி என்று ஓர் எழுத்து இருக்கும். அமெரிக்காவும் ஜப்பானும் சிங்கப்பூரும் மலேசியாவும் ஏ. ஐரோப்பா, துபாய், ஆஸ்திரேலியா எல்லாம் பி. இந்தியாவும் இலங்கையும் சீனாவும் ரஷ்யாவும் சி. அமெரிக்காவிலிருந்து வரும் பிளேயர் ஏ டிஸ்க்கைத்தான் ஓட்டும். இங்கே கடையில் சி முத்திரையோடு விற்கும் டிஸ்க்கைப் போட்டால் திரையில் மன்னிப்புக் கேட்டுவிட்டு நின்றுவிடும். பூட்டுப் போடாத டிஸ்க்குகளும் நிறைய உண்டு, வார்னர் பெரும்பாலும் பூட்டுவதில்லை. ஃபாக்ஸ் பூட்டுகிறது. ஒவ்வொரு படம் வாங்கும்போதும் அட்டையைத் திருப்பிப் பார்த்து எழுத்து தேடுவது நம்மால் ஆகிற காரியமா? பழைய டி.வி.டி.க்கும் இதே தொல்லை: அமெரிக்கா 1, நாம் 5. அங்கே வாங்கிய பிளேயர், பெட்டி எந்தக் கூட்டணியாக இருந்தாலும், இங்கே வாங்கிய 5-ம் எண் டி.வி.டி.யைத் திருப்பித் துப்பும். எச்.டி.-டி.வி.டி. டிஸ்க்குகளுக்கு மட்டும் இந்த நாட்டுப் பூட்டு கிடையாது. தோற்கிறவனிடம் இருக்கும் ஒரே நல்ல குணம், என்ன பண்ண.

போதாக்குறைக்குப் புளூ-ரேயிலேயே பிளேயர்களில் தலைமுறை இருக்கிறது. போன நவம்பர் 1-க்கு முன்னால் வந்த மாடல்கள் முதல் ரகம். அதற்குப் பின் வருபவற்றில், படம் ஓடும்போதே ஓரத்தில் சின்னச் சதுரத்தில் டைரக்டர் பேசுவது போன்ற வித்தைகள் சேர்ந்திருக்கின்றன. அடுத்து இன்டர்நெட் இணைப்போடு மூன்றாவது ரகம் வரப்போகிறது. முதல் ரகத்தைப் பெரும்பாலும் மேம்படுத்த முடியாது. படம் ஓடும், மற்ற சங்கதி ஓடாது. அவற்றைத்தான் இப்போது தள்ளுபடியில் தள்ளுவார்கள், கவனம். பிளேஸ்டேஷன் 3 மட்டும் இதற்கு விதிவிலக்கு: மென்பொருளைப் புதுப்பித்துக்கொண்டே போகலாம், டிசம்பரில் ஒரு தடவை அப்படி அடுத்த ரகத்துக்கு ஏறிவிட்டது. போன ஏப்ரலில் 39,990 ரூபாய்க்கு இங்கே வந்தது. வாங்கியே தீருவேன் என்று பிடிவாதம் பிடிக்கிறவருக்கு என் சிபாரிசு அதுதான், அதுவும் இந்திய பில்லோடு இங்கே வாங்கியதாக இருக்க வேண்டும்.

இரண்டையும் ஓட்டும் கலப்புப் பெட்டியும் இருக்கிறது. எல்.ஜி. போன வருஷ ஆரம்பத்தில் 1,199 டாலருக்கு ஒன்று விட்டது. ஐம்பதாயிரம் ரூபாயை நெருங்கும் விலை. ஒரு கட்சி காணாமல் போகப்போகிற நேரத்தில் இரண்டு கட்சிக்கும் சந்தா கட்டுவானேன்?

அடுத்தது உயிர்ச் சேதம் அளவுக்கு இல்லாவிட்டாலும் பெட்டிச் சேதம். அமெரிக்கப் பிளேயரின் பின்பக்கம், வயர் நுழையும் ஓட்டைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று மட்டும் இருந்தால், நம் 230 வோல்ட் பிளக்கில் நேராகச் செருகினால் பட் என்று ஒரு சத்தம், கருகல் வாசனை, அவ்வளவுதான். 100-லிருந்து 240 வரை என்று இருந்தால் பிழைத்தது. இல்லையென்றால் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று வாங்கி, செங்கல் மாதிரி டி.வி. ஸ்டாண்டில் வைத்துக்கொள்ள வேண்டும். ரிப்பேர் என்று வந்தால் எஸ்.பி. ரோட்டில் டி.வி.டி. லென்ஸ் கிடைக்கும். ஊதா லேசர் லென்ஸை எந்தக் கடையில் கேட்பீர்கள்?

உள்ளூர்க் கடைகளிலும் ஒரு கண் வையுங்கள். எச்.டி.எம்.ஐ. ஓட்டை வைத்த சாதாரண டி.வி.டி. பிளேயரை "எச்.டி. டி.வி.டி. சார், 1080" என்று சொல்லி விற்கப் பார்ப்பார்கள். அது பழைய டி.வி.டி. படத்தையே ஊதிப் பெரிதாக்கிக் கொடுக்கும் ரகம். கெட்டது இல்லை, நான் வேண்டாம் என்று சொல்லவும் மாட்டேன். ஆனால் புது டிஸ்க் எதுவும் அதில் ஓடாது. விலையைக் கேட்டாலே ரகம் தெரிந்துவிடும்.

எல்லாம் போகட்டும், வாங்கி எதைப் பார்க்கப் போகிறோம்? மோசர் பேர் கம்பெனி போன வருஷம் டி.வி.டி.யை 34 ரூபாய்க்கும் வி.சி.டி.யை 28 ரூபாய்க்கும் கொண்டுவந்து கொட்டிவிட்டது. திருட்டு வி.சி.டி. விலைக்கே ஒரிஜினல். மாஸ்க் ரோட்டில் சாயங்காலம் சமோசா வாங்கப் போகிறவர் மிச்சச் சில்லறைக்கு ஒரு தமிழ்ப் படம் வாங்கிக்கொண்டு வரலாம். புளூ-ரேயிலோ எச்.டி.-டி.வி.டி.யிலோ ஒரு தமிழ்ப் படத்தை இந்தப் பக்கத்துக் கடை எதிலும் நான் பார்த்ததில்லை. அங்கே ஒரு டிஸ்க் 25, 30 டாலர், அதாவது ஆயிரம் ரூபாய் கணக்கு. ரஜினி படம் ஐந்து மடங்கு தெளிவாகத் தெரியும் என்று கனவு கண்டு பெட்டி வாங்கினால், கடைசியில் அதே 34 ரூபாய் டிஸ்க்கைத்தான் அதில் போடுவீர்கள்.

டி.வி.யையும் பாருங்கள். ஹாலில் இருப்பது 29 இன்ச் பழைய குழாய் டி.வி. என்றால் புதுப் பிளேயரால் ஒரு பிரயோஜனமும் இல்லை. 32 இன்ச் எல்.சி.டி., எதிர்ச் சுவரில் சோபா என்றால் பத்தடி தூரத்தில் வித்தியாசம் கண்டுபிடிக்கக் கழுகுக் கண் வேண்டும். 40 இன்ச்சுக்கு மேல், எச்.டி.எம்.ஐ. இருக்கிற டி.வி. வைத்திருப்பவர்கள் மட்டும் இந்தப் பேச்சில் கலந்துகொள்ளலாம். அவர்களுக்கும் தீபாவளி வரை பொறுப்பதில் நஷ்டம் இல்லை. அதற்குள் சண்டை தீர்ந்து, புளூ-ரே விலையும் இறங்கியிருக்கும்.

அதுவரை மூவாயிரத்துக்குள் கிடைக்கும் டி.வி.டி. பிளேயர் போதும். பெட்டி ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது என்றால், சீலைக் கிழிக்காமல், பில்லைத் தொலைக்காமல், அங்கேயே கடையில் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். அமெரிக்காவில் பெரும்பாலான பெரிய கடைகள் சில வாரங்களுக்குள் கொண்டுபோனால் கேள்வி கேட்காமல் பணம் தருவார்கள். விமானம் ஏறிவிட்டால் அந்த வசதி போயிற்று, ஆகவே இன்றைக்கு ராத்திரியே போன் போடுங்கள். அவர்களுக்கு அப்போது காலை நேரம்தான்.