குடுவையில் வளரும் குருதிப் புற்றுக்கலங்கள்

உடலில் எல்லையின்றிப் பெருகி உயிரைக் கவரும் கலங்களையே குடுவையிற் பேணி வளர்த்து, அந்நோய்க்கு மருந்து தேடுவது இக்கால விஞ்ஞானத்தின் விந்தைகளுள் ஒன்றாகும். நம் மாணவர் அறியுமாறு அதனை ஈண்டுச் சுருங்க உரைப்பாம்.

இயல்பான குருதிக் கலங்கள் உடலை நீங்கியபின் நெடுநாள் வாழா. புற்றுக்கலங்களிலும் மிகச் சிலவே குடுவையில் இடையறாது பெருகும் ஆற்றல் பெறுகின்றன. அத்தகைய பரம்பரையைக் 'கலவழி' என்பர். கே-562 என்பது அவற்றுள் ஒன்று. நாட்பட்ட குருதிப் புற்று முற்றிய நிலையிலிருந்த 53 வயதுப் பெண்ணொருவரின் நுரையீரலைச் சூழ்ந்து தேங்கிய நீரிலிருந்து பெறப்பட்ட இக்கலவழியை, அமெரிக்க அறிஞராகிய லொசியோ இருவர் 1975 இல் உலகுக்கு அறிவித்தனர்.

இக்கலங்கள் குடுவையின் அடியில் ஒட்டாது மிதந்து வளர்வன. உப்புக்கள், குளுக்கோசு, அமினோவமிலங்கள், விற்றமின்கள் ஆகியன அடங்கிய ஊடகத்தோடு நூற்றுக்குப் பத்துப் பங்கு கன்றின் முதிர்கருக் குருதிநீரும் சேர்த்து உணவாக அளிப்பர். வெப்பநிலை 37 பாகை செல்சியசு. சூழும் வளியில் காபனீரொட்சைட்டு நூற்றுக்கு ஐந்து. ஏறத்தாழ நாளொன்றுக்கு ஒருமுறை கலங்கள் இரட்டிக்கும். ஆகவே, மில்லிலீற்றருக்கு ஓரிலட்சமாக இட்டவை மூன்று நாளில் எட்டிலட்சத்தை அணுகும். பத்திலட்சத்தைக் கடந்தால் உணவு குன்றிக் கழிவு மிகும். எனவே இரண்டு மூன்று நாளுக்கொருமுறை புதிய ஊடகத்தால் ஐதாக்குதல் வேண்டும். திரிபன் நீலச் சாயத்தை இறந்த கலம் ஏற்கும். உயிருள்ள கலம் ஏலாது. இவ்வாறு நுணுக்குக்காட்டியில் எண்ணிக் கணக்கிடுவர். எஞ்சியவற்றை உறைவினின்று காக்கும் திரவத்தோடு மெல்லக் குளிரச்செய்து, −196 பாகையிலுள்ள திரவ நைதரசனிற் சேமிப்பர்.

இப்பணிக்குப் பகை இரண்டு. ஒன்று, மைக்கோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிர். அது ஊடகத்தைக் கலங்கச் செய்யாது. கலச்சுவரின்மையாற் பெனிசிலினுக்கும் அடங்காது. மற்றையது, ஒரு கலவழி பிறிதொன்றோடு கலத்தல். வெவ்வேறு பெயர் தாங்கிய பல கலவழிகள் உண்மையில் ஹீலா என்னும் கருப்பைக் கழுத்துப் புற்றுக்கலங்களே என்பதற்கு 1966 இல் காட்லர் என்பார் சான்று காட்டினார். பெயர்ச்சீட்டுப் பிழைத்தால், ஒரு நோய்க்கெனக் கண்ட முடிபு வேறொரு நோயின் முடிபாகிவிடும். இதனாற் பரம்பரையலகுச் சோதனை இன்றியமையாததாயிற்று.

இவ்வுழைப்பின் பயன் பெரிது. 9 ஆம், 22 ஆம் நிறமூர்த்தங்களின் துண்டுகள் இடம்மாறுவதாற் பிறக்கும் கேடான நொதியம் கே-562 இல் உண்டு. அந்நொதியத்தைத் தடுக்கும் இமற்றினிப் மருந்தைப் பற்றிய ஆய்வுகளில் இக்கலங்களும் பயன்பட்டன. 2001 இல் அம்மருந்து அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. விரைவில் உயிர்குடித்த நோய், பலர்க்கு நெடுங்காலம் கட்டுப்படுத்தத்தக்கதாயிற்று.

ஒரு நோயாளியின் துன்பத்தினின்று கிடைத்த கலங்கள் பிறர் துயர் துடைக்க உதவின. அவற்றைப் பேணுவோர்க்கு வேண்டுவன தூய்மை, பொறுமை, பிழையற்ற குறிப்பு என்பனவே. ஆய்வுகூடம் புகும் நம் மாணவர் இம்மூன்றனையும் இன்றே பழகுவாராக.