காலில் அட்டை பார்ப்பது போல

சாயத்தண்ணிக் கோப்பையை என் கையில் தந்துவிட்டு, அக்கா போனை நீட்டினார். "இதக் கொஞ்சம் பாருங்க டீச்சர். மகளோட படிக்கிற புள்ள வீட்டுலருந்து வந்திருக்கு. ஏதோ கோட் நம்பராம். அனுப்பவா?"

ஞாயிற்றுக்கிழமை. பலாங்கொடை டவுனிலிருந்து பஸ் ஏறி, இறங்கிக் கொஞ்சம் நடந்தால் வரும் லயம். மகள் அறநெறி வகுப்புக்குப் போயிருந்தாள். போனில் இருந்தது இவ்வளவுதான்: 'அன்ட்டி, தவறுதலா உங்க நம்பருக்கு ஒரு ஆறு இலக்கம் வந்திருக்கும். அவசரமா அனுப்புங்க.' அனுப்பியவர் பெயர் தெரிந்த பெயர். படமும் அந்தப் பிள்ளையின் படம்.

அனுப்பாதீர்கள் என்று சொல்ல ஒரு நொடி போதும். ஏன் என்று சொல்லத்தான் இரண்டு கோப்பை தேத்தண்ணி வேண்டும்.

வாட்ஸ்அப் நம் போனுக்குள் இருக்கிறது என்று நினைக்கிறோம். அது ஒட்டிக்கொண்டிருப்பது நம் நம்பரோடு. யாராவது வேறொரு போனில் உங்கள் நம்பரைப் போட்டால், 'இந்த நம்பர்க்காரர் நீங்கள்தானா?' என்று கேட்டு வாட்ஸ்அப் ஒரு ஆறு இலக்கத்தை உங்களுக்கு அனுப்பும். அதை நீங்கள் எடுத்துக் கொடுத்தால், அந்த ஆள்தான் இனி நீங்கள். உங்கள் போனில் வாட்ஸ்அப் நின்றுவிடும். அந்த ஆள் உங்கள் பெயரோடு வகுப்புக் குழுவில் உட்கார்ந்து, அடுத்த அம்மாவிடம் இதே ஆறு இலக்கத்தைக் கேட்பான். இல்லாவிட்டால் 'அவசரம், ஐயாயிரம் போடுங்க' என்பான். இந்தச் செய்தியை அனுப்பியதும் அந்தப் பிள்ளையின் அம்மாவாக இருக்காது. அவர் நேற்றே கோட் நம்பரைக் கொடுத்திருப்பார்.

"அப்ப என் பேருல திருடன் கிளாசுக்குப் போவானா?" என்றார் அக்கா. அதேதான்.

செட்டிங்ஸில் 'இரு படிச் சரிபார்ப்பு' என்று ஒன்று இருக்கிறது. நாமே ஆறு இலக்கப் பின் நம்பர் ஒன்றை வைத்துக்கொள்ளலாம். அதை வைத்துவிட்டால், வந்த கோட் மட்டும் கையில் இருந்தால் யாரும் உள்ளே வர முடியாது. நாம் வைக்காமல் விட்டு, திருடன் முந்தி வைத்துவிட்டால், நம் கணக்குக்குள் நாமே போக ஏழு நாள் வரை காத்திருக்க வேண்டும். அக்காவின் போனில் அப்போதே வைத்தோம். பிறந்த வருடம் வேண்டாம் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, வேறெதையோ அழுத்தினார். நான் பார்க்கவில்லை.

வகுப்பு எப்படி இந்தப் போனுக்குள் வந்தது என்பதை இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பாடசாலைகளை மூடினார்கள். சில வாரங்களில் பாடம் வாட்ஸ்அப்பிலும் சூமிலும் நடந்தது. அடுத்த வருடம், பதுளை மாவட்டத்துப் போகிட்டியாவ கிராமத்தில் ஆசிரியையும் பிள்ளைகளும் சிக்னல் தேடிக் காட்டுவழியாகப் பாறை உச்சிக்கு ஏறிய படம் உலகப் பத்திரிகைகளில் வந்தது. நம் மலைகளிலும் அதே கதைதான். 2022இல் பெட்ரோல் இல்லாமல் மறுபடி மூடியபோது குழுக்கள் மறுபடி உயிர் பெற்றன. அதன் பிறகு பாடசாலை திறந்தது, குழு மூடவில்லை. வீட்டு வேலை, கூட்ட அறிவித்தல், வினாத்தாள் எல்லாம் இன்றும் அதில்தான். போன் வாங்கக் கடன் பட்டோம், டேட்டாவுக்கு ரீலோட் போட்டோம். அதை எப்படிப் பிள்ளை கையில் கொடுப்பது என்று மட்டும் நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

தோட்டத்துக்கென்றே சில சிக்கல்கள் உண்டு. முதலாவது, வீட்டுக்கு ஒரு போன். அது அப்பாவுடையது, அண்ணனுடையது, பிள்ளையுடையது. இரவு அண்ணன் பார்ப்பதை வைத்துத்தான் யூடியூப் காலையில் பிள்ளைக்கு அடுத்த வீடியோவை எடுத்து நீட்டும். போனுக்கு ஆள் மாறியது தெரியாது.

இரண்டாவது, கொமியுனிகேஷன் கடை. "பேஸ்புக் போட்டுத் தாங்க தம்பி" என்று போனைக் கொடுத்துவிட்டு வருகிறோம். தம்பி தன் ஈமெயிலைப் போட்டு, ஒரு பாஸ்வேர்டும் வைத்துத் தருவார். பெரும்பாலும் கெட்ட எண்ணம் இருக்காது, அவசரம்தான். ஆனால் வீட்டைக் கட்டியது நாம், சாவி கடையில். கடைக்குப் போனால் ஈமெயிலும் பாஸ்வேர்டும் நம்முடையதாகப் போடச் சொல்லி, நம் கையாலேயே அழுத்த வேண்டும்.

மூன்றாவது, செத்த சிம். நெடுநாள் ரீலோட் போடாமல் விட்ட நம்பரைக் கம்பனி வேறொருவருக்கு விற்கும். நம் பழைய நம்பர் வகுப்புக் குழுவில் அப்படியே இருந்தால், முகம் தெரியாத ஒருவர் கையில் போய்ச் சேருகிறது. நம்பரை மாற்றும்போது வாட்ஸ்அப்பிலேயே 'நம்பரை மாற்று' என்று கொடுக்க வேண்டும். அல்லது எல்லாக் குழுக்களிலிருந்தும் விலகிவிட்டுச் சிம்மைக் கழற்ற வேண்டும்.

ஆசிரியர்களான எங்கள் மேலும் பிழை உண்டு. குழுவில் இருக்கும் எல்லாருக்கும் எல்லாருடைய நம்பரும் தெரியும். நாற்பது பிள்ளை உள்ள குழு என்றால், நாற்பது வீட்டு நம்பர். சேரும் லிங்கை எங்கோ போட்டு வைத்தால் யாரும் நுழையலாம். சூமில் இதே கூத்து நடந்தது. அந்நியர்கள் வகுப்புக்குள் புகுந்து அசிங்கம் செய்த பிறகுதான், 2020 ஏப்ரலில், இலவசக் கணக்குகளுக்குக் கடவுச்சொல்லும் காத்திருப்பு அறையும் தானாகவே வரும்படி அந்தக் கம்பனி மாற்றியது. வாட்ஸ்அப்பில் அந்த வேலையை நாங்கள்தான் செய்ய வேண்டும்: அட்மின் சம்மதித்தால்தான் புதியவர் சேரலாம், அட்மின் மட்டும் எழுதலாம், தவணை முடிந்ததும் பழைய லிங்கை மாற்ற வேண்டும். இதற்கு ஐந்து நிமிடம் கூட ஆகாது. நானே ஒரு வருடம் செய்யாமல் இருந்தேன்.

இரண்டாவது கோப்பை வந்தது. அக்கா சீனியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "இதெல்லாம் பெரியவங்க வேல. புள்ளைக்கி என்னா சொல்றது?"

நான் அவர் காலைப் பார்த்தேன். கணுக்காலுக்கு மேல் அட்டை கடித்த பழைய தழும்புகள்.

மழைக்காலத்தில் மலைக்குப் போகும்போது சவுக்காரம் பூசிக்கொண்டு போகிறோம். அட்டை கடிப்பது வலிக்காது. ரத்தம் வழிந்த பிறகுதான் தெரியும். பிள்ளைகளைத் தேடி வரும் ஆட்களும் அப்படித்தான். மிரட்டிக்கொண்டு வர மாட்டார்கள். கேமில் கூட விளையாடுவார்கள், 'நல்லா வரையிறீங்க' என்பார்கள், ஐம்பது ரூபாய்க்கு ரீலோட் அனுப்புவார்கள். கொஞ்ச நாள் கழித்து, 'இது நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும்.' அந்த வாக்கியம் வந்த இடத்தில் அட்டை ஏறிவிட்டது. அதற்குப் பிறகுதான் படம் கேட்பது, அனுப்பிய படத்தைக் காட்டி மிரட்டுவது எல்லாம்.

ஆகவே பிள்ளைக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். அம்மாவிடம் சொல்லாதே என்று யார் சொன்னாலும், அதை முதலில் அம்மாவிடம் சொல். கோட் நம்பர் யாருக்கும் இல்லை. யூனிபோமோடு, பாடசாலைப் பெயர் தெரியும் படம் வெளியே போகக் கூடாது. இதில் பெரியவர்களுக்கும் ஒரு பங்கு உண்டு. புலமைப்பரிசில் பாஸானதும் பெயர், பாடசாலை, சுட்டெண் எல்லாவற்றையும் சேர்த்துப் பேஸ்புக்கில் போடுகிறோம். சந்தோஷம் நம்முடையது, விவரம் ஊருடையதாகிவிடுகிறது.

ஏதாவது நடந்துவிட்டால் மெசேஜை அழிக்கக் கூடாது. நம்பர், திகதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்க வேண்டும். 1929 என்ற இலக்கம் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையுடையது. காசு போகாது, தமிழிலும் பேசலாம். கணக்கு திருட்டுப் போனால் 101, இலங்கை சேர்ட் நிறுவனம். பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளையின் அந்தரங்கப் படம் பரவும் என்று பயம் இருந்தால், 'டேக் இட் டவுன்' என்ற அமெரிக்க இலவசச் சேவை இருக்கிறது. படத்தை அவர்களுக்கு அனுப்பத் தேவையில்லை. அதன் கைரேகை போன்ற ஓர் அடையாளம் மட்டும் போகும். பேஸ்புக், இன்ஸ்டகிராம், டிக்டொக் போன்றவை அதை வைத்துப் படத்தைத் தேடித் தடுக்கும்.

"இவ்வளவும் வேணாம், போன வாங்கிப் பொட்டியில வச்சிட்டா?"

வைக்கலாம். வீட்டு வேலை வரும் நாளில் எடுத்துத்தான் ஆக வேண்டும். அதைவிடப் பெரிய கெடுதல் ஒன்று இருக்கிறது. சொன்னால் போன் போய்விடும் என்று தெரிந்த பிள்ளை சொல்லாது. மிரட்டுகிறவனுக்கு வேண்டியதும் அதுதான். மலையிலிருந்து வந்ததும் பிள்ளையின் காலைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறோம். அட்டை இருந்தால் எடுத்துப் போடுகிறோம். கடி வாங்கியதற்காக அடிக்கிறோமா?

அக்கா பதில் சொல்லவில்லை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. மகள் தேவாரப் புத்தகத்தை வைத்துவிட்டு ரொட்டித் தட்டைத் தேடினாள்.

"இங்க வா. இப்பிடி ஒரு மெசேஜ் வந்திருக்கு. இனிமே யாரு என்னா கேட்டாலும் எங்கிட்ட சொல்லு. போன வாங்க மாட்டேன்."

பிள்ளை போனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு அம்மாவை.

"நேத்தும் வந்திச்சிம்மா. நாந்தான் அழிச்சிட்டேன்."

அக்காவின் கை ஒரு கணம் நின்றது. பிறகு கேத்தலை எடுத்து, மூன்றாவது கோப்பையில் சாயத்தண்ணி ஊற்றி மகள் பக்கம் நகர்த்தினார்.

"உக்காரு. என்னா எழுதியிருந்திச்சின்னு சொல்லு."