மத்திய கோட்டுக்கு மேலே ஒரு கீச்சொலி

உப்புவெளியில் வீட்டுக்கூரைகளில் நிற்கும் டிஷ் அன்ரெனாக்கள் ஏறக்குறைய உச்சி வானத்தை அண்ணாந்து பார்க்கின்றன. லண்டனிலோ அவை அடிவானப் பக்கம் சாய்ந்திருக்கும். மத்திய கோட்டிலிருந்து எட்டரைப் பாகை மட்டுமே விலகிய ஊர் இது. மத்திய கோட்டின் மேல் 36,000 கிலோமீற்றர் உயரத்தில் நிற்கும் செய்மதிகள் நம் தலைக்கு மேல்தான் இருக்கின்றன. அந்த உயரத்தில் ஒரு பொருளைச் சுற்றவிட்டால் அது பூமியோடு சேர்ந்தே சுழன்று, நமக்கு அசையாமல் நிற்பதுபோலத் தெரியும். அப்படி மூன்று நிலையங்கள் இருந்தால் உலகம் முழுவதும் ஒலிபரப்பலாம் என்று 1945 ஒக்டோபரில் 'வயர்லெஸ் வேர்ல்ட்' சஞ்சிகையில் எழுதியவர் ஆர்தர் சி. கிளார்க். பதினொரு வருடம் கழித்து அதே மனிதர், உப்புவெளிக்குச் சில மைல் தெற்கே சுவாமி மலையடியில் நண்பர் மைக் வில்சனோடு கடலுக்குள் இறங்கி, போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய கோணேசர் கோயிலின் எச்சங்களைத் தேடிக்கொண்டிருந்தார்.

தான் குறித்துக் கொடுத்த இடத்தில் என்ன இருக்கிறது என்பது 1945இல் அவருக்கு மட்டுமல்ல, எவருக்குமே தெரியாது. 1958இல் எக்ஸ்புளோரர் 1 கொண்டுபோன கதிர்வீச்சுக் கருவியின் அளவீடுகளைப் பார்த்து, பூமியைச் சுற்றிக் கதிர்வீச்சுப் பட்டைகள் இருப்பதை ஜேம்ஸ் வான் அலன் கண்டார். கிளார்க்கின் பாதை வெளிப்பட்டைக்குள் போகிறது. அங்கே ஆட்கள் தங்கியிருந்து நிலையங்களைப் பராமரிப்பார்கள் என்பது அவருடைய கற்பனை. நல்ல காலம், அப்படி நடக்கவில்லை.

வெளிப்பட்டையில் இருப்பவை பெரும்பாலும் இலத்திரன்கள். ஒவ்வொன்றும் காந்தப்புலக் கோட்டைச் செக்கனுக்கு ஆயிரக்கணக்கான தடவை சுற்றுகிறது. அந்தக் கோடு வழியே வடக்கும் தெற்குமாக ஒரு செக்கனுக்குள் போய்வருகிறது. கூடவே கிழக்கே நகர்ந்து நிமிடக்கணக்கில் பூமியை வலம் வந்துவிடுகிறது. துருவப் பக்கம் போகப் போகப் புலம் வலுத்து அதைத் திருப்பி அனுப்பும். கோட்டை ஒட்டி, சில பாகைக்குள் ஓடுகிறவை மட்டும் திரும்பாமல் வளிமண்டலத்தில் மோதித் தொலையும். ஆகவே ஓர் இலத்திரனைப் பட்டையை விட்டு வெளியேற்ற அதை நிறுத்தத் தேவையில்லை. ஓடும் திசையைச் சற்றுத் திருப்பிவிட்டால் போதும்.

திருப்புவது யார்? சூரியக் காற்று பூமியின் காந்தப்புலத்தை உலுக்கும்போது நள்ளிரவுப் பக்கமிருந்து புதிய இலத்திரன்கள் உள்ளே கொட்டுகின்றன. அவை கிழக்கே நகர்ந்து, பூமியின் விடியல் பக்கத்தில், காந்த மத்திய கோட்டுக்கு அருகே மின்காந்த அலைகளை எழுப்புகின்றன. அவற்றின் மீடிறன் சில நூறு முதல் சில ஆயிரம் ஹேர்ட்ஸ் வரை. அன்ரெனாவில் பிடித்து ஒலிபெருக்கிக்குக் கொடுத்தால், விடியற்காலை மரத்தில் பறவைகள் கத்துவது மாதிரி, கீழிருந்து மேலே எழும் கீச்சுகளாகக் கேட்கும். ஆராய்ச்சியாளர்கள் இதைக் கோரஸ் என்கிறார்கள்.

1966இல் கென்னல், பெற்செக் என்ற இருவர் ஒரு கணக்குப் போட்டார்கள். அலை மிகச் சிறியது. இலத்திரனுக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தட்டு விழும். அந்தத் தட்டுகள் சேர்ந்து திசை மெல்ல மெல்லச் சிதறும். நல்ல கணக்கு. இன்றைக்கும் அதை வைத்துத்தான் நிறைய வேலை நடக்கிறது. ஆனால் கீச்சு ஏன் மேலே எழுகிறது என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை. வள்ளம் இறக்கிப் பழகியவர்களுக்கு இந்த இடம் விளங்கும்: சிற்றலைகள் வள்ளத்தை அப்படியும் இப்படியும் ஆட்டும், அவ்வளவுதான், பேரலை ஒன்றின் முகத்தில் அகப்பட்டால் அலை போகும் வேகத்துக்கு வள்ளமும் போகும். வலுத்த கோரஸ் அலை, தன் மீடிறனோடு ஒத்துச் சுழலும் இலத்திரன்களை அப்படித்தான் பிடித்துக்கொள்கிறது. பிடிபட்டவையும் நழுவியவையும் பிரிந்துபோக, இலத்திரன் பரம்பலில் ஒரு குழி விழுகிறது. அந்தக் குழியால் உண்டாகும் மின்னோட்டம் திரும்ப அலையையே வளர்த்து, மீடிறனை உயர்த்துகிறது. கியோத்தோப் பல்கலைக்கழகத்தின் ஒமுராவும் அவரது குழுவினரும் பல ஆண்டுகள் உழைத்து நிறுத்திய விளக்கம் இது. அலை இலத்திரனை மாற்ற, இலத்திரன் அலையை மாற்றுகிறது. 'நேரியலற்றது' என்று பாடப்புத்தகம் சொல்வதன் சாரம் இதுதான்.

சாட்சி மெதுவாகத்தான் சேர்ந்தது. 2017 மார்ச்சில் யப்பானின் அராசே விண்கலம், கோரஸ் அலை எழுந்தபோதெல்லாம் இலத்திரன்கள் வளிமண்டலத்தை நோக்கிக் கொட்டுவதையும், கீழே துருவ ஒளி அதே தாளத்தில் துடிப்பதையும் சேர்த்துப் பிடித்தது. லொஸ் ஏஞ்சலஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக மாணவர்கள் கட்டிய, 2018இல் ஏவப்பட்ட எல்ஃபின் எனும் இரு குட்டிச் செய்மதிகள் இன்னொன்றைக் காட்டின: சில வேளைகளில் விழுகிற இலத்திரன்கள் பட்டையில் சிக்கியிருப்பவற்றையும் மிஞ்சுகின்றன. மெல்லச் சிதறும் பழைய கணக்கில் இதற்கு இடமே இல்லை.

இதெல்லாம் நடக்கும் புலக்கோடுகள் கால் ஊன்றுவது நோர்வே, கனடா, அலாஸ்கா பக்கம். காந்த மத்திய கோட்டை ஒட்டியிருக்கும் நமக்கு அந்த ஒளியில் பங்கில்லை. இங்கிருந்து கிளம்பும் புலக்கோடுகள் பட்டையை எட்டுமுன்பே வளைந்து இறங்கிவிடுகின்றன.

செய்மதி நடத்துகிறவர்களுக்கு இது வெறும் அழகியல் அல்ல. 1994 ஜனவரியில் கனடாவின் அனிக் ஈ1, ஈ2 செய்மதிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தடுமாறின. பட்டையில் பல நாட்களாகப் பெருகியிருந்த இலத்திரன்கள் கருவிகளுக்குள் புகுந்து மின்னேற்றமாகத் தேங்கியதே காரணம். ஈ1 சில மணி நேரத்தில் மீண்டது. ஈ2ஐ மீட்க மாதங்கள் எடுத்தன. பத்திரிகைகள் இவற்றைக் 'கொலைகார இலத்திரன்கள்' என்று எழுதும். எனக்கு அந்தப் பெயர் கொஞ்சம் அதிகம் என்று படுகிறது. குற்றவாளியைத் தேடினால் கோரஸிடமும் போக வேண்டும்: 2012 ஒக்டோபரில் நாசாவின் வான் அலன் ஆய்வுக்கலங்கள் கண்டபடி, சாதாரண இலத்திரன்களை ஒளிவேகத்துக்கு நெருக்கமாக உந்திவிட்டதும் பட்டைக்குள் எழுந்த இதே அலைதான். ஒரு கையால் நிரப்பி, மறு கையால் இறைக்கிறது.

2025 ஜனவரியில் 'நேச்சர்' இதழில் வெளிவந்த ஆய்வொன்று, பூமியிலிருந்து 160,000 கிலோமீற்றருக்கும் அப்பால், புலக்கோடுகள் நீண்டு இழுபட்டிருக்கும் காந்தவாலிலும் கோரஸைக் கண்டது. அங்கே அது எழும் என்று பலர் எதிர்பார்க்கவில்லை. ஒமுரா சொன்ன குழியும் அந்த அளவீடுகளில் இருந்தது.