கிளட்ச் கேபிள் அறுந்தால் கார் நகருமா?

1983இல் வந்த மாருதி 800இல் கிளட்ச் பெடலையும் கியர் பாக்ஸையும் இணைப்பது ஓர் இரும்புக் கேபிள். நாள்பட அதன் இழைகள் ஒவ்வொன்றாக அறும்.

முழுதும் அறுந்த பிறகும் மெக்கானிக்கிடம் ஓட்டிப்போக வழி உண்டு. எப்படி? முன்னால் ஆளில்லாத இடத்தில், அணைந்த வண்டியை முதல் கியரில் போட்டுச் சாவியைத் திருப்பினால், ஸ்டார்ட்டர் மோட்டாரே காரை நகர்த்தி இன்ஜினையும் கிளப்பிவிடும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் கியர் பற்களின் மேலுள்ள அழுத்தம் குறையும். அந்த நொடியில் நியூட்ரலுக்கு இழுக்கலாம். இன்ஜின் வேகம் இறங்கிப் பொருந்தும்போது மெல்லத் தள்ளினால் அடுத்த கியர் விழும். அவசரப்பட்டால், வேகத்தைச் சமன்செய்யும் சிங்க்ரோ வளையம் தேயும்.

அறுந்ததைக் கட்டுக்கம்பியால் முடிச்சிட்டால்? முடிச்சு இளகி, கிளட்ச் அரைகுறையாகவே விலகும், கியர் கரகரக்கும்.

நெரிசலில் இந்த வித்தை வேண்டாம். பெடல் கனத்தாலே கேபிளை மாற்றிவிடுங்கள்.