வட்டாரமும் பட்டியலும்

சர்வதேச மகளிர் தினத்தை முன்னிட்டுப் பாடசாலைகளில் நடைபெறும் விழாக்களில், 1960இல் உலகின் முதற் பெண் பிரதமரைத் தந்த நாடு நமது நாடென்பது தவறாமல் நினைவுகூரப்படுகின்றது. பெருமைக்குரியதே. எனினும் தமிழரும் முஸ்லிம்களும் ஒருங்கே வாழும் காரைதீவுப் பிரதேசத்து மாணவர்கள் அறிந்துகொள்ள வேண்டியது தமது பிரதேச சபையில் பெண்கள் எவ்வாறு இடம்பெறுகின்றனர் என்பதையாகும்.

நாட்டின் உள்ளூராட்சி சபைகளில் ஒரு காலத்தில் பெண்கள் 2 வீதத்தைக்கூட எட்டவில்லை. 25 வீத ஒதுக்கீடு 2018 தேர்தலிலேயே முதன்முறையாக நடைமுறைக்கு வந்தது. ஆயினும் வட்டார வேட்பாளர்களில் 10 வீதத்தினரும் மேலதிகப் பட்டியலில் 50 வீதத்தினரும் பெண்களாயிருந்தாற் போதுமென்றே சட்டம் வகுத்தது. ஆகவே கட்சிகள் வட்டாரங்களை ஆண்களுக்களித்துப் பெண்களைப் பட்டியலுக்கு அனுப்பின. அவ்வாறு வந்த பெண்ணிடம் 'மக்கள் உம்மைத் தெரிவு செய்யவில்லையே' என்கின்றனர். பட்டியலில் வந்த ஆணிடம் எவரும் இவ்வாறு வினவுவதாகத் தெரியவில்லை!

சட்டம் ஆசனத்தைத் தரலாம். வட்டாரத்தில் வெல்வதற்கு வாக்கு வேண்டும். மாணவர் பாராளுமன்றத் தேர்தலில் தகுதியுள்ள மாணவியொருத்திக்கு மாணவர்கள் தயக்கமின்றி வாக்களிப்பார்களா என்பதை இவ்விழாக்களை நடத்தும் ஆசிரியர்கள் கவனிப்பார்களென எதிர்பார்க்கின்றோம்.