நாய்க்குட்டிக்கு எந்த மொழி தெரியும்?

மாணவர்களே! புதிதாக வந்த நாய்க்குட்டி முதல் நாளிலேயே வீட்டைத் தலைகீழாக்கிவிடும். காலணியைக் கடிக்கும், பாயை நனைக்கும், அழைத்தால் வராது. "சொன்ன பேச்சைக் கேட்பதில்லையே!" என்று வீட்டிலுள்ளோர் சினம் கொள்வர். உண்மையில் அக்குட்டிக்கு நம் பேச்சு இன்னும் விளங்கவில்லை.

திருவனந்தபுரத்தில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். நாய்க்குட்டியிடம் அம்மா "உட்கார்" என்கிறார். அண்ணன் "சிட்" என்கிறான். அடுத்த வீட்டுச் சேச்சி "இரி" என்கிறார். மூன்றும் ஒரே பொருளைத் தருவன என்பது நமக்குத் தெரியும், நாய்க்குத் தெரியாது. அது ஒலியை மட்டுமே நினைவிற்கொள்ளும். எனவே, ஒரு செயலுக்கு ஒரு சொல் என முடிவு செய்து, வீட்டிலுள்ள அனைவரும் அச்சொல்லையே வழங்க வேண்டும்.

இதற்குத் தமிழ் மிகவும் ஏற்ற மொழியாகும். தமிழில் வினைப்பகுதியே முன்னிலை ஒருமை ஏவலாக நிற்கும். வா, போ, நில், எடு, விடு ஆகியவை குறுகிய, தெளிவான ஒலிகள். வா, போ என்பவை மலையாளத்திலும் அவ்வாறே வழங்குவதால், சேச்சி அழைத்தாலும் குட்டி வரும்! ஆனால், தமிழின் 'இரு' என்பதும் மலையாளத்தின் 'இரி' என்பதும் ஏறத்தாழ ஒன்றுபோல் ஒலிக்கும். ஆகவே, அசையாமல் இருக்கச் செய்ய 'நில்' என்பதைத் தேர்ந்தெடுப்பது நன்று.

இனி, பழக்கும் முறையைக் காண்போம். சிறு உணவுத் துண்டு ஒன்றைக் குட்டியின் மூக்கருகே காட்டி, மெல்லத் தலைக்கு மேலே கொண்டுசெல்லுங்கள். அது அண்ணாந்து பார்க்கும்போது அதன் பின்புறம் தானாகவே தாழும். அந்நொடியில் "உட்கார்" என்று கூறி, உடனே உணவைக் கொடுங்கள். காலம் தாழ்த்தினால், எச்செயலுக்குக் கிடைத்த பரிசு என்பது அதற்குப் புரியாது. ஒரு முறைக்கு ஐந்து நிமிடம் போதும். நாளுக்கு இரண்டு மூன்று முறை பழக்கலாம்.

குட்டி கடிப்பதற்கும் காரணம் உண்டு. அதற்கு 28 பால்பற்கள் உள்ளன. நான்காம் மாத அளவில் அவை விழத் தொடங்கி, பின்னர் 42 நிலைப்பற்கள் அமையும். பல் முளைக்கும் காலத்தில் ஈறு உறுத்துவதால் அது எதையேனும் மெல்ல விரும்பும். காலணியை எட்டாத இடத்தில் வைத்துவிட்டு, மெல்லுவதற்குரிய பொம்மையைக் கொடுங்கள். உறங்கி எழுந்ததும், உண்டதும், விளையாடி முடித்ததும் வெளியே ஒரே இடத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். அங்குச் சிறுநீர் கழித்ததும் பாராட்டுங்கள்.

எப்போதோ செய்த தவற்றுக்காக அதனை அடிக்கக் கூடாது. ஏன் அடி விழுந்தது என்பதை அது அறியாது. பின்பு உங்களைக் கண்டதும் அது பதுங்குமாயின், அது மரியாதை அன்று; அச்சமே ஆகும். அச்சமுற்ற நாயே பெரும்பாலும் கடிக்கத் துணியும். வளர்ப்பவர் சொல் மாறாமலும், வேளை தவறாமல் உணவளித்தும் நடந்துகொண்டால், நாய் அவரை நம்பும். அந்த நம்பிக்கையே கீழ்ப்படிதலாக மலர்கிறது.

2021-ஆம் ஆண்டு திருவனந்தபுரத்தை அடுத்த அடிமலைத்துறைக் கடற்கரையில் புரூனோ என்னும் வளர்ப்பு நாய் அடித்துக் கொல்லப்பட்டது. கேரள உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து இதனை விசாரித்தது. வழக்கிற்கு அந்நாயின் பெயரையே சூட்டியது. வளர்ப்பு விலங்குகளுக்கு உள்ளாட்சி அமைப்பில் உரிமம் பெற வேண்டும் என்றும் பணித்தது. விலங்கை வளர்ப்பது விளையாட்டன்று, பொறுப்பு என்பதை இவ்வழக்கு நமக்கு உணர்த்துகிறது.

அப்பொறுப்பில் தலையாயது தடுப்பூசி. குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும், கால்நடை மருத்துவரிடம் வெறிநோய்த் தடுப்பூசி போட வேண்டும். பின்னர் அவர் கூறும் காலங்களில் மீண்டும் போட வேண்டும். எந்த நாய் கடித்தாலும், கீறினாலும் மறைக்காதீர்கள். ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடம் கழுவி, பெரியவர்களிடம் கூறி, உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அறிகுறி தோன்றிய பின் வெறிநோயிலிருந்து உயிர் பிழைப்பது மிக அரிது.

குறும்பு மிகுந்ததென்று தெருவில் விடப்படும் குட்டி, பசியோடும் அச்சத்தோடும் வளர்கிறது. பொறுமையோடு சில வாரங்கள் பழக்கப்பட்டிருந்தால், அது ஒரு வீட்டின் தோழனாக வாழ்ந்திருக்கும். வீட்டிற்கு வந்த குட்டி உங்கள் மொழியைக் கற்கும் முன், நீங்கள் அதன் மொழியைக் கற்றுக்கொள்ளுங்கள்.

சிந்தித்து விடையளிக்க

1. ஒரு செயலுக்கு ஒரே சொல்லை வழங்க வேண்டும் என்பது ஏன்?
2. மரியாதைக்கும் அச்சத்திற்கும் உள்ள வேறுபாட்டை எழுதுக.
3. நாய்க்குட்டியைப் பழக்க உதவும் ஏவல் வினைகள் ஐந்தினை எழுதி, அவற்றுள் மலையாளத்திலும் வழங்குவனவற்றை வட்டமிடுக.