ஒலிவாங்கி யார் கையில்?

2022ஆம் ஆண்டு தீபாவளி எங்கள் குடும்பத்தில் யாருக்கும் மறக்காது. நாடாளுமன்றம் கலைக்கப்பட்டு இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. நவம்பர் 19இல் 15ஆவது பொதுத் தேர்தல் என்று தேதியும் அறிவித்துவிட்டார்கள். கிள்ளானில் எங்கள் வீட்டில் மதியச் சாப்பாட்டுக்கு இருபது பேர் கூடியிருந்தோம். ஆட்டிறைச்சிப் பிரட்டல் மேசைக்கு வருவதற்கு முன்பே அரசியல் வந்துவிட்டது.

அப்பா ஒரு பக்கம். சித்தப்பா எதிர்ப்பக்கம். இருவரும் ஒரே தோட்டத்தில் பிறந்து, ஒரே தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள். வாக்குப் பெட்டி என்று வந்துவிட்டால் மட்டும் ஆளுக்கொரு திசை. குரல் உயர்ந்தபோது நான் எழுந்தேன். "ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் பேசுங்க, நான் நடுவுல இருக்கேன்" என்றேன். கணக்காய்வு நிறுவனத்தில் வேலை பார்ப்பவள் நான். எந்தப் பக்கமும் சாயாமல் இருப்பதுதானே என் பிழைப்பு என்ற நினைப்பு.

அரை மணி நேரம் விவாதம் நன்றாகவே நடந்ததாக நினைத்தேன். ஆனால் சித்தப்பா தேநீர்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார். "வர்றேன் அண்ணே" என்று அப்பாவிடம் சொன்னார். என்னிடம் எதுவும் சொல்லவில்லை.

அன்றிரவு பாத்திரம் கழுவும்போது அக்கா மகள் பக்கத்தில் வந்து நின்றாள். பதினான்கு வயது. "சித்தி, கோவிச்சுக்காதீங்க. நான் எண்ணுனேன். சின்னத் தாத்தாவ நீங்க ஆறு தடவ நிறுத்துனீங்க. தாத்தாவ ஒரு தடவதான்" என்றாள்.

கையில் இருந்த தட்டு அப்படியே நின்றது. ஏனென்றால், நடுநிலை என்றால் என்ன, அதை எப்படி அளப்பது என்பதையெல்லாம் ஓராண்டு முழுக்க வியாழக்கிழமைதோறும் உட்கார்ந்து பார்த்துப் படித்தவள் நான்.

வியாழக்கிழமை இரவுகள்

2015, 2016இல் மேற்படிப்புக்காக இங்கிலாந்தில் இருந்தேன். வியாழன் இரவுச் செய்தி முடிந்ததும் நாங்கள் தங்கியிருந்த வீட்டில் எல்லாரும் கூடத்துக்கு வந்துவிடுவோம். பிபிசியின் 'குவெஸ்சன் டைம்' நிகழ்ச்சி தொடங்கும். 1979 செப்டம்பரில் ராபின் டே நெறியாளராக இருந்து தொடங்கிய நிகழ்ச்சி அது. நான் பார்த்த காலத்தில் டேவிட் டிம்பிள்பி நெறியாளர். 1994 முதல் 2018 வரை அவர்தான். 2019 முதல் ஃபியோனா புரூஸ். அவர் பிறந்தது நம் பக்கத்துச் சிங்கப்பூரில் என்பது பலருக்குத் தெரியாது.

வாரம் ஓர் ஊர். மேசையைச் சுற்றி ஐந்து பேச்சாளர்கள். பெரிய கட்சிகளின் அரசியல்வாதிகளோடு ஓர் எழுத்தாளர், தொழிலதிபர் அல்லது பத்திரிகையாளர் இருப்பார். எதிரே ஏறத்தாழ 150 பொதுமக்கள். கேள்வி கேட்பவர்கள் இந்தப் பொதுமக்கள்தான். அன்றைய கேள்விகளை அவர்கள் எழுதிக் கொடுக்க, தயாரிப்புக் குழு அவற்றில் சிலவற்றைத் தேர்ந்தெடுக்கும். கேள்விகள் பேச்சாளர்களுக்கு முன்கூட்டியே தெரியாது. ஒரு பேருந்து ஓட்டுநர் எழுந்து அமைச்சரைப் பார்த்து "நீங்க கடைசியா எப்போ பேருந்துல போனீங்க?" என்று கேட்கலாம். அமைச்சர் பதில் சொல்லியாக வேண்டும். நம் ஊரிலிருந்து போன எனக்கு அது பெரிய அதிசயமாக இருந்தது.

ஒரு தடவை நானும் விண்ணப்பித்தேன். படிவத்தில் பெயர், வயது, தொழில் கேட்டார்கள். சரி. அடுத்து, கடந்த தேர்தலில் எந்தக் கட்சிக்கு வாக்களித்தீர்கள்? அடுத்த தேர்தலில் யாருக்குப் போடுவீர்கள்? எந்தக் கட்சியிலாவது உறுப்பினரா?

பிரிட்டனில் சட்டப்படி தங்கியிருக்கும் காமன்வெல்த் நாட்டவருக்கு அங்கே வாக்குரிமை உண்டு. அதனால் அந்தக் கேள்வி எனக்கும் பொருந்தும். ஆனால் "ஓட்டு யாருக்குப் போட்டேன்னு புருஷன்கிட்டகூடச் சொல்லக் கூடாது" என்று சொல்லி வளர்த்தவர் என் பாட்டி. படிவத்தை அப்படியே மூடி வைத்துவிட்டேன்.

உடன் தங்கியிருந்த தோழி சிரித்தாள். "நீங்கள் எல்லாரும் சொல்லாமல் இருந்தால் அவர்கள் எப்படிச் சமன் செய்வது?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. யாரையும் கேட்காமல் கதவைத் திறந்துவிட்டால், எந்தக் கட்சி அதிகப் பேருந்து அமர்த்துகிறதோ அந்தக் கட்சிதான் அரங்கை நிரப்பும். பிறகு கைதட்டல் எல்லாம் ஒரே பக்கம்தான் கேட்கும். வீட்டில் பார்ப்பவர் "நாடே இப்படித்தான் நினைக்கிறது போல" என்று நம்பிவிடுவார். அதைத் தடுக்கத்தான் அந்தப் படிவம்.

ஆனாலும் படிவத்துக்கு ஓர் எல்லை உண்டு. ஒருவர் பொய் சொன்னால் அதற்குத் தெரியாது. உண்மையே சொன்னாலும், எந்தக் கட்சிக்காரர் என்பது தெரியுமே தவிர, இன்றைய பிரச்சினையில் அவர் எங்கே நிற்கிறார் என்பது தெரியாது.

தலை எண்ணினால் போதுமா?

அந்த நிகழ்ச்சியின் வரலாற்றிலேயே இதற்குப் பாடங்கள் இருக்கின்றன.

2001 செப்டம்பர் 13. நியூயார்க்கில் இரட்டைக் கோபுரங்கள் இடிந்து இரண்டே நாள். அமெரிக்காவின் முன்னாள் தூதர் பிலிப் லேடர் மேசையில் இருந்தார். அரங்கிலிருந்த சிலர் அமெரிக்காவின் வெளியுறவுக் கொள்கையைக் கடுமையாகச் சாடினார்கள். 2,000க்கும் அதிகமான புகார்கள் வந்தன. பிபிசி மன்னிப்புக் கேட்டது. அந்த நிகழ்ச்சியை நேரலையாகக் காட்டியிருக்கக் கூடாது என்று ஒப்புக்கொண்டது. கேள்வி கேட்பது குடிமக்களின் உரிமைதான். ஆனால் துக்க வீட்டில் ஒரு கேள்வியை எந்த நேரத்தில், எந்தக் குரலில் கேட்பது என்பதை எந்தப் படிவமும் அளந்து கொடுக்காது.

2009 அக்டோபர் 22. பிரிட்டிஷ் தேசியக் கட்சியின் தலைவர் நிக் கிரிஃபின் அழைக்கப்பட்டார். வெள்ளையர் அல்லாதவர் உறுப்பினராக முடியாது என்று அப்போது விதி வைத்திருந்த கட்சி அது. அதே ஆண்டு ஜூனில் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கு இரண்டு பேரை அனுப்பியிருந்தது. மக்கள் வாக்களித்த கட்சியை ஒதுக்க முடியாது என்பது பிபிசியின் வாதம். இனவெறிக்கு மேடை கொடுக்காதே என்று வெளியே ஆர்ப்பாட்டம் நடந்தது. சுமார் 8 மில்லியன் பேர் பார்த்தார்கள். அன்று கேள்விகளில் பெரும்பகுதி அவரையும் அவர் கட்சியையும் பற்றியே இருந்தது. அவரை அழைத்ததே தவறு என்று சிலர் புகார் செய்தார்கள். எல்லாரும் சேர்ந்து ஒருவரையே தாக்கினார்கள் என்று வேறு பலர் புகார் செய்தார்கள்.

அவர் கொள்கை எனக்கு ஒரு துளியும் ஆகாது. என்னைப் போன்ற நிறத்தவளை அவர் கட்சி வாசலிலேயே நிறுத்தியிருக்கும். ஆனால் அந்த இரண்டாவது புகாரை என்னால் சிரித்து ஒதுக்க முடியவில்லை. ஒருவருக்கு நாற்காலி கொடுப்பது வேறு, மற்றவர்களைப் போல அஞ்சல், மருத்துவமனை, வரி எல்லாவற்றிலும் அவரிடம் பதில் கேட்பது வேறு. அப்படிக் கேட்டிருந்தால் அவரிடம் சரக்கு எவ்வளவு என்பது இன்னும் நன்றாகத் தெரிந்திருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

2019 நவம்பர் 22. தேர்தலுக்கு முன் நடந்த தலைவர்களுக்கான சிறப்பு நிகழ்ச்சி. பதவியில் இருப்பவர் எப்போதும் உண்மை பேசுவது எவ்வளவு முக்கியம் என்று ஒரு பெண்மணி பிரதமர் போரிஸ் ஜான்சனைக் கேட்டார். அரங்கம் சிரித்தது. மறுநாள் மதியச் செய்தியில் அதே காட்சி வந்தபோது அந்தச் சிரிப்பு இல்லை. நேரம் கருதிச் சுருக்கினோம், ஆனால் அது தவறுதான் என்று பிபிசி பிறகு ஒப்புக்கொண்டது. அரங்கை எவ்வளவு சரியாக நிரப்பினாலும், கடைசியில் கத்தரிக்கோல் ஒருவர் கையில் இருக்கிறது.

பிரிட்டனில் ஒளிபரப்பைக் கண்காணிக்கும் ஆஃப்காம் அமைப்பின் விதிகள் 'உரிய நடுநிலை' என்றுதான் சொல்கின்றன. எல்லாருக்கும் சரிபாதி நேரம் என்று சொல்லவில்லை. பொருளுக்கு ஏற்ற அளவு என்பதே அந்த 'உரிய' என்ற சொல்லின் பொருள். பூமி வெப்பமடைகிறது என்று ஓர் அறிவியலாளர் சொன்னால், சமன் செய்வதற்காக அதை மறுப்பவர் ஒருவரைத் தேடிப் பிடித்து உட்கார வைக்க வேண்டியதில்லை என்று 2018இல் பிபிசியே தன் ஊழியர்களுக்கு அறிவுறுத்தியது.

சமன் இல்லாத அரங்கமும் நேர்மையாக இருக்கலாம். 2023 ஜூனில், பிரெக்சிட் வாக்கெடுப்பின் ஏழாம் ஆண்டையொட்டி, கிளாக்டன் நகரில் ஒரு நிகழ்ச்சி நடத்தினார்கள். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேற வாக்களித்தவர்கள் மட்டுமே பார்வையாளர்கள். அதை வெளிப்படையாகச் சொல்லியே நடத்தினார்கள். ஆஸ்திரேலியாவில் 2008இல் தொடங்கிய 'கியூ அண்ட் ஏ' நிகழ்ச்சி, அன்றைய பார்வையாளர்களில் எந்தக் கட்சி ஆதரவாளர்கள் எத்தனை விழுக்காடு என்பதைத் திரையிலேயே காட்டியது. எதிரே இருப்பவர்கள் யார் என்று தெரிந்தால், கைதட்டலுக்கு எவ்வளவு மதிப்புக் கொடுப்பது என்பதைப் பார்ப்பவரே முடிவு செய்துகொள்ளலாம்.

நம் வீட்டுத் திரையில்

நமக்கும் விவாதம் புதிதல்ல. தீபாவளி காலைப் பட்டிமன்றம் இல்லாத தமிழ் வீடு உண்டா? ஆனால் பட்டிமன்ற நடுவர் கடைசியில் தீர்ப்புச் சொல்ல வேண்டும். 'குவெஸ்சன் டைம்' நெறியாளர் தீர்ப்பே சொல்லக் கூடாது. 2006 முதல் விஜய் தொலைக்காட்சியில் வரும் 'நீயா நானா'வில் பொதுமக்களே இரண்டு அணியாக எதிரெதிரே உட்காருகிறார்கள். பெரும்பாலும் மாமியார், மருமகள், வேலை, படிப்பு என்று குடும்ப விஷயங்கள்.

நம் தலைவர்களும் திரையில் மோதியிருக்கிறார்கள். 2022 மே 12இல் அன்வார் இப்ராகிமும் நஜிப் ரசாக்கும் விவாதித்ததை நாடே பார்த்தது. சிங்கப்பூரில் 2020 ஜூலை 1இல் நான்கு கட்சிகளின் பிரதிநிதிகள் நேரலையில் விவாதித்தார்கள். ஆனால் அவை தலைவர்களுக்கு இடையிலான விவாதங்கள். வாரா வாரம் ஒரு சாதாரணக் குடிமகன் எழுந்து கேட்கும் மேடை நம்மிடம் இன்னும் வேரூன்றவில்லை. ஒரு நாள் வரும் என்று நம்புகிறேன். வரும்போது, 'இரண்டு பக்கமும் ஆள் இருக்கிறார்களா?' என்று மட்டும் பார்த்து நாம் திருப்தி அடைந்துவிடக் கூடாது.

முதல் கேள்வியைத் தேர்ந்தெடுத்தவர் யார்? யாரை நெறியாளர் பேசி முடிக்க விடுகிறார், யாரை நடுவில் நிறுத்துகிறார்? யாரிடம் ஆதாரம் கேட்கிறார், யாருடைய பேச்சை அப்படியே ஏற்றுக்கொள்கிறார்? மறுநாள் பரவும் ஒரு நிமிடக் காணொளியில் எது இருக்கிறது, எது இல்லை? பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கும்போது இதை ஒரு விளையாட்டாகவே செய்யலாம். ஆளுக்கொரு பேச்சாளரை எடுத்துக்கொண்டு, எத்தனை தடவை குறுக்கிடப்பட்டார் என்று எண்ணச் சொல்லுங்கள். உங்களுக்குப் பிடித்தவரை அல்ல, பிடிக்காதவரை எண்ணுங்கள். அதுதான் முக்கியம்.

நான் செய்யத் தவறியது அதைத்தான். எங்கள் சாப்பாட்டு மேசையில் இரண்டு பக்கமும் ஆள் இருந்தார்கள். தலைக்கணக்கு சரி. ஆனால் அப்பா சொன்னவை எனக்கு ஏற்கெனவே சரியென்று பட்டவை. அதனால் அவை நீளமாகவே தெரியவில்லை. சித்தப்பா வாய் திறந்ததுமே "சுருக்கமா சொல்லுங்க சித்தப்பா" என்றேன். எனக்கு அது ஒழுங்கு. அவருக்கு அது அவமானம். யாருக்கு வாக்களிப்பேன் என்பதைப் பிபிசியிடம் மறைத்த நான், என்னிடமிருந்தே அதை மறைத்துக்கொண்டு நடுவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன்.

மறுநாள் சித்தப்பாவை அழைத்தேன். "சித்தப்பா, நேத்து நான் உங்களப் பேச விடல. மன்னிச்சிருங்க" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "ஒங்க அப்பன் கட்சிதான் நீனு எனக்குத் தெரியும்மா. அத முன்னாடியே சொல்லியிருந்தா நான் ஒண்ணும் நெனச்சிருக்க மாட்டேன். நடுவுல நிக்கிறேன்னு சொன்னீல்ல, அதான்" என்றார்.

அடுத்த தீபாவளிக்கு அவர் வந்தார். அரசியலும் வந்தது. இந்தத் தடவை நான் நடுவராக இல்லை. அப்பா பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அக்கா மகள்தான் கைப்பேசியில் நேரம் பார்த்தாள். ஆளுக்கு மூன்று நிமிடம். மணி அடித்தால் நிறுத்த வேண்டும், தாத்தாவாக இருந்தாலும் சரி. முதல் மணி அப்பாவுக்குத்தான் அடித்தது. "என்ன புள்ள, என் வீட்லயே என்ன நிறுத்துறியா?" என்றார். எல்லாரும் சிரித்தோம்.

யார் மனமும் மாறவில்லை. ஆனால் சித்தப்பா அன்று இரண்டு கோப்பைத் தேநீர் குடித்துவிட்டுத்தான் கிளம்பினார்.